மணவறைக்கு ஓர் இடம்

‘வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்’ என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். அவர்கள் காலத்தில் இவ்விரண்டிற்கும் இடம் ஒன்றே. கட்டிய வீட்டின் முற்றத்திலேயே பந்தலிட்டு, அப்பந்தலின் கீழேயே பிள்ளையின் கலியாணத்தையும் ஒப்பேற்றினர். வீடு வேறு, கலியாணம் நடக்கும் இடம் வேறு என்று ஆகிவிட்ட இக்காலத்தில், ‘மண்டபத்தைத் தேடிப் பார்’ என்று மூன்றாவது அடி ஒன்றையும் அப்பழமொழியுடன் சேர்த்துக்கொள்வது பொருத்தமாகும். அந்த மூன்றாவது சோதனைக்கு நாம் உட்பட்ட கதையே இது.

2025 ஆம் ஆண்டு சித்திரை மாதம், எம் தமையனாரிடமிருந்து செய்தி வந்தது. அவர் மகள், எம் பெறாமகள், கிளிநொச்சியிலுள்ள ஒரு நல்ல குடும்பத்திற்கு மருமகளாகப் போகிறாள். ஆவணியில் முகூர்த்தம் வைத்தாயிற்று. வவுனியாவில் ஒரு மண்டபம் பார்க்க வேண்டும். தமையனார் ஓமந்தைப் பக்கத்தில், அண்ணியாரின் சீதன வீட்டில் இருந்துகொண்டு வயல் செய்பவர். நாமோ வவுனியா நகரில், வைரவபுளியங்குளத்தில் குடியிருப்பவர். ஆகவே மண்டபம் தேடும் பொறுப்பு இயல்பாகவே எம் தலையில் விழுந்தது. ‘இரண்டு பின்னேரம் சைக்கிளில் சுற்றினால் முடிகிற வேலை’ என்று எண்ணி மகிழ்வோடு ஏற்றோம். ஐந்து வாரம் சுற்றினோம்.

வவுனியாவில் மண்டபங்களுக்குக் குறைவில்லை. இந்நகரம் வழிகளின் சந்தி. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 பெருந்தெரு இதனூடாகவே செல்கிறது. 1956 ஆம் ஆண்டு ஓடத் தொடங்கிய யாழ்தேவிப் புகையிரதம் இங்கு தரித்தே வடக்கே போகும். 1990 இல் வடக்கு நோக்கிய புகையிரதப் பாதை துண்டிக்கப்பட்டபின், 2014 ஒக்டோபரில் அது மீண்டும் யாழ்ப்பாணத்தை எட்டும் வரை, இருபத்துநான்கு ஆண்டுகள் இரு கரையையும் சேர்ந்த உறவினர் சந்திக்கும் துறைமுகம் போல் இந்நகரம் விளங்கியது. பெண் ஒரு பக்கம், மாப்பிள்ளை மறுபக்கம் என்றிருந்த எத்தனையோ கலியாணங்கள் ‘நடுவில் வவுனியாவில் வைப்போம்’ என்று முடிவாயின. இன்றும் கொழும்பு உறவினர் புகையிரதத்தில் வந்து இறங்கவும், வன்னிக் கிராமத்தவர் பஸ்ஸில் வந்து திரும்பவும் இதனைவிட வசதியான இடம் அமைவது அரிது. எனவே மண்டபங்கள் பல. ஆனால், எமக்கு ஏற்ற மண்டபம் ஒன்று வேண்டுமே!

முதலில் ஒரு விடயத்தைச் சொல்லிவிட வேண்டும். எம்மவர் ஆடி, புரட்டாதி, மார்கழி ஆகிய மாதங்களில் கலியாணம் செய்வதில்லை. மிஞ்சிய மாதங்களிலும் நல்ல நாள்கள் சிலவே. வன்னியில் பெரும்போக நெல் வீட்டுக்கு வருவது தை, மாசியில். சிறுபோக நெல் வருவது ஆவணியில். கையில் காசு புரளும் மாதமும் முகூர்த்த மாதமும் ஒன்றாக வருவதால், ஊர் முழுவதும் ஒரே நாளில் ஒரே மண்டபத்தின் வாசலில் நிற்கிறது. வாடகை ஏறாமல் என்ன செய்யும்? எமக்குக் குறிக்கப்பட்டது ஒரு வியாழக்கிழமை. ‘வார நாளாயிற்றே, ஆட்கள் வருவார்களா?’ என்று தமையனார் முதலில் முகம் சுளித்தார். அந்த வியாழக்கிழமைதான் பின்னர் எமக்குப் பெருந்துணையாயிற்று. சனி, ஞாயிறுகளுக்கு ஒரு விலையும், வார நாளுக்கு வேறொரு விலையும் சொல்லும் வழக்கம் பல இடங்களில் உண்டு என்பதை அப்போதுதான் அறிந்தோம்.

முதலிற் சென்றது குளிரூட்டப்பட்ட மண்டபம் உள்ள ஒரு விடுதிக்கு. கண்ணாடிக் கதவைத் திறந்தவுடன் வைகாசி வெயிலும் கச்சான் காற்றும் வேறோர் உலகத்தில் நின்றுவிட்டன. மேலே சரவிளக்கு, கீழே கால் புதையும் கம்பளம். தமையனார் பேசாமல் நின்று மேலும் கீழும் பார்த்தார். அவர் முகத்தில் அன்று கண்ட மலர்ச்சியை நாம் பல ஆண்டுகளாகக் கண்டதில்லை. “தம்பி, இதுதான். வேறை ஒண்டும் பாக்க வேண்டாம்” என்றார்.

வாடகை கிடையாது, சாப்பாட்டுக்கு மட்டும் தலைக்கு 2,500 ரூபாய் என்றார் முகாமையாளர். ‘வாடகை கிடையாது’ என்ற சொல் காதுக்கு எத்துணை இனிமை! ஆனால், அச்சிட்ட தாளின் அடியில் சிறிய எழுத்தில் வேறு சில சொற்கள் இருந்தன. சேவைக் கட்டணம் நூற்றுக்குப் பத்து. அதன்மேல் பெறுமதி சேர் வரி; அது 2024 ஆம் ஆண்டு தை முதலாந் திகதி தொடக்கம் நூற்றுக்குப் பதினெட்டு. இரண்டையும் அடிப்படை விலையின்மீதே தனித்தனியாகக் கணக்கிட்டாலும் 2,500 ரூபாய் 3,200 ரூபாயாகிவிடுகிறது. அன்றியும், குறைந்தது 400 பேருக்குப் பணம் கட்டியே ஆகவேண்டும். 290 பேர் வந்தாலும் 400 பேருக்கும் காசுதான். வராத 110 பேருக்காக மூன்றரை இலட்சத்துக்கு மேல் கொடுக்க நேரிடும். மொத்தம் 12,80,000 ரூபாய். இதிலே மணவறைச் சோடனை இல்லை, மேளம் இல்லை, படப்பிடிப்பு இல்லை. ஓமம் வளர்க்கலாமா என்று கேட்டோம். புகை சிறிதாக இருந்தால் ஆட்சேபம் இல்லை என்றார். புகையைச் சிறிதாக எழுப்பும்படி ஐயரிடம் எப்படிச் சொல்வது என்று எமக்கு விளங்கவில்லை.

திரும்பும் வழியில் தமையனார் சொன்னார்: “லண்டனிலை இருக்கிற மச்சான் அஞ்சு லட்சம் தாறன் எண்டவர். மிச்சத்துக்கு அந்த ரெண்டு ஏக்கர் வயலை ஒற்றி வைப்பம்.”

ஒற்றி என்பது மாணவ வாசகர் சிலருக்குப் புதிய சொல்லாக இருக்கலாம். காணியை ஒருவரிடம் ஈடாகக் கொடுத்துப் பணம் பெறுவது. வட்டி கட்டத் தேவையில்லை. ஆனால், வாங்கிய முதலைத் திருப்பிக் கொடுக்கும் வரை காணியின் விளைவை எல்லாம் பணம் தந்தவரே அனுபவிப்பார். வயலின் விளைவே இல்லாதபோது முதலைத் திருப்புவது எங்ஙனம்? ஒற்றி வைத்த வயல் மீளாமலே போன குடும்பங்களை நாமும் அறிவோம், தமையனாரும் அறிவார். அறிந்தும் அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் வீண் ஆடம்பரம் என்றே நாம் அன்று எண்ணினோம். மனத்துள் கோபமும் கொண்டோம்.

அடுத்த நாள்களில் மற்ற இடங்களைப் பார்த்தோம். தனியாருக்குரிய கலியாண மண்டபம் ஒன்றில் வாடகை 1,25,000 ரூபாய். அத்துடன் முடிந்ததா? மின்சாரம் நின்றால் மின்பிறப்பாக்கிக்கு வேறு, துப்புரவுக்கு வேறு, சமையலறை எரிவாயுவுக்கு வேறு. மணவறைச் சோடனைக்கு அவர்கள் சொல்லும் ஆளையே அமர்த்த வேண்டும். வெளியாளைக் கொண்டுவந்தால் அதற்கும் ஒரு கட்டணம். மாலை 4 மணிக்கு மேல் மணித்தியாலக் கணக்கு. ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டே இவற்றை அறிந்தோம். தாமாக எவரும் சொல்லவில்லை.

பொது மண்டபம் ஒன்றைப் பார்த்தோம். வாடகை மிகக் குறைவு. ஆயினும், கூட்டங்களுக்கும் நாடகங்களுக்குமாகக் கட்டப்பட்டது அது. மேடை உண்டு, அடுப்படி இல்லை. இருக்கைகள் உண்டு, பந்தி வைக்க இடமில்லை. பாடசாலை மண்டபம் ஒன்று நல்ல காற்றோட்டத்துடன் இருந்தது. பாடசாலை நடக்கும் வியாழக்கிழமையில் அது கிடைக்குமா? பிள்ளைகளின் படிப்பைக் கெடுத்து ஒரு கலியாணம் எமக்கு வேண்டாம் என்று நாமே விலகினோம்.

‘ஏன், வீட்டு முற்றத்திலேயே செய்தாலென்ன?’ என்று எம் இல்லாள் கேட்டாள். கேட்கத்தக்க கேள்விதான். முற்றத்துக்கு வாடகை இல்லை. ஆனால், தகரப் பந்தல், கதிரை, மேசை, பாத்திரம் அனைத்தும் வாடகைக்கே வர வேண்டும். ஆவணியில் வன்னிக் கிணறுகளின் நீர் அடியில் கிடக்கும். 300 பேர் கை கழுவவும் குடிக்கவும் தண்ணீர் பவுசரில் வர வேண்டும். மலசலகூடம் ஒன்றே. கச்சான் காற்றில் புழுதி பறந்து சோற்றில் விழும். முன்னாளில் அயலவர் மூன்று நாள் முன்னதாகவே வந்து, பந்தல் போட்டு, பலகாரம் சுட்டு, கிடாரத்தில் சோறு வடித்து, கலியாணம் முடிந்தபின் கூட்டிப் பெருக்கிவிட்டுப் போவார்கள். அந்த அயலவரில் பாதிப்பேர் இன்று கனடாவிலும் பிரான்சிலும் இருக்கின்றனர். முற்றம் மலிவாக இருந்ததற்குக் காரணம் மண் அன்று, மனிதர் என்பது அப்போதுதான் எமக்கு உறைத்தது.

இவ்வாறிருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தமையனார் வீட்டில் எல்லோரும் கூடினோம். நாம் சிக்கனத்தைப் பற்றி நீண்டதொரு பிரசங்கமே செய்தோம் என்று இப்போது எண்ண வெட்கமாக இருக்கிறது. சட்டம் கேட்பது ஒரு விவாகப் பதிவாளரையும் இரு சாட்சிகளையுமே என்றோம். தமிழ்நாட்டில் 1967 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டப்படி, உற்றார் உறவினர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலும் திருமணம் செல்லும் என்றோம். தஜிகிஸ்தான் என்னும் நாட்டில் மக்கள் கலியாணக் கடனில் மூழ்குவதைக் கண்டு 2007 இல் விருந்தினர் தொகையை 150 ஆக மட்டுப்படுத்தச் சட்டமே இயற்றினர் என்றோம். பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் கலியாண விருந்தில் ஒரே கறிதான் என்று சட்டம் உண்டு என்றோம். அவ்வளவு தூரம் போவானேன்? 2020, 2021 ஆம் ஆண்டுகளில் தொற்றுநோய் பரவியபோது எம் நாட்டிலேயே அரசாங்கம் விருந்தினர் தொகையைக் கட்டுப்படுத்தவில்லையா? ஐம்பது பேருடன் அன்று தாலி கட்டியவர்கள் இன்று குறைவாகவா வாழ்கிறார்கள்? ஊர் சிரித்ததா?

தமையனார் பதில் கூறவில்லை. அண்ணியார்தான் மெல்லச் சொன்னார்: “தம்பி, அவர் ஊருக்குப் பயந்து இதைக் கேக்கேல்லை. எங்கடை கலியாணம் எப்பிடி நடந்தது எண்டு உங்களுக்குத் தெரியாதே?”

தெரியும். மறந்திருந்தோம். 1997 ஆம் ஆண்டு வைகாசியில் அவர்களுக்கு முகூர்த்தம். இதே முற்றத்தில் கிடுகுப் பந்தல் போட்டு முடிந்திருந்தது. பலகாரம் சுட எண்ணெயும் மாவும் வாங்கியாயிற்று. மே 13 ஆம் திகதி வவுனியாவிலிருந்து வடக்கு நோக்கி ‘ஜயசிக்குறு’ என்ற பெயரில் படை நடவடிக்கை தொடங்கிற்று. ஓமந்தைப் பக்கத்துச் சனம் எல்லாம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வடக்கே நடந்தது. பந்தல் நின்றபடியே நின்றது. மூன்று கிழமை கழித்து மல்லாவிப் பக்கத்தில், இடம்பெயர்ந்தோர் நிறைந்திருந்த ஒரு பாடசாலையின் தாழ்வாரத்தில், பதினொரு பேர் பார்த்திருக்கத் தாலி கட்டினார் தமையனார். கூறைச்சேலை இரவல். மணவறை, பாடசாலை வாங்குகள் இரண்டு. அண்ணியாரின் தாய் தந்தையர் வேறு திசையில் அகப்பட்டிருந்தனர்; மகளின் கலியாணத்தை அவர்கள் காணவில்லை. நாமும் அப்போது வவுனியாவில், பாதையின் இப்புறத்தில் இருந்தோம். எமக்குச் செய்தி வந்ததே ஒரு மாதம் கழித்து.

சரவிளக்கைப் பார்த்தபோது தமையனார் முகம் ஏன் மலர்ந்தது என்பது எமக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் மண்டபத்தையா பார்த்தார்? தமக்குக் கிடையாமற்போன ஒரு நாளைத் தம் மகளுக்கு வட்டியும் முதலுமாகக் கொடுக்க நினைத்தார். அதற்கு மறுமொழியாகத் தஜிகிஸ்தான் சட்டத்தை எடுத்துச் சொன்ன எம் அறிவை என்னென்பது!

சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு பெறாமகள் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு வந்து தகப்பனின் அருகில் அமர்ந்தாள். அவள் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படித்தவள். ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதுபவள். “அப்பா, ஒரு கணக்குக் கேக்கட்டோ?” என்றாள். “இந்த வருசம் மாசியிலை அரசாங்கம் நாட்டு நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய் எண்டு விலை வைச்சது. அந்த விடுதியிலை ஒரு சாப்பாடு 3,200 ரூபாய். அப்ப ஒரு சாப்பாட்டுக்கு எத்தினை கிலோ நெல்லு?”

தமையனார் வாய்க்கணக்கில் வல்லவர். ஒரு கணம் யோசித்தார். “இருவத்தாறு கிலோவுக்கு மேலை” என்றார்.

“நானூறு சாப்பாட்டுக்கு?”

அவர் சொல்லவில்லை. அவளே எழுதிக் காட்டினாள்: 10,666 கிலோ. அந்த விலையையும் வியாபாரி கொடுக்காமல், குறைத்துக் கேட்ட கதையை அவர் ஏற்கனவே எமக்குச் சொல்லியிருந்தார். கொப்பியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சாப்பாட்டில் கால் கிலோ அரிசிகூட இராது. ஒருவர் உண்டு எழும் ஓர் இலைக்கு, சேற்றில் நின்று விளைவித்த 26 கிலோ நெல் போகிறது என்பதை அவரைப்போல் உணரக்கூடியவர் யார்?

“எனக்கு அந்த மண்டபம் வேண்டாம் எண்டு சொல்லேல்லை, அப்பா. வயலைக் குடுத்து வேண்டாம்” என்றாள் அவள். பிறகு தாயிடம் திரும்பி, “உங்கடை கலியாணத்திலை உங்களுக்கு எது இல்லாமற் போனது கவலை, அம்மா? மண்டபமோ?” என்று கேட்டாள்.

“மண்டபத்தை ஆர் நினைச்சது? அம்மாவும் ஐயாவும் நிக்கேல்லையே எண்டதுதான்” என்றார் அண்ணியார்.

அந்த ஒரு வாக்கியத்தில் எம் ஐந்து வாரத் தேடலுக்கு வழி கிடைத்துவிட்டது. எந்த மண்டபம் என்று கேட்டுத் தொடங்கியதே எம் பிழை. யார் யார் வர வேண்டும் என்றல்லவா முதலிற் கேட்டிருக்க வேண்டும்! அன்றிரவே பெயர்களை எழுதினோம். வீட்டுக் கணக்காக எழுதாமல் ஆள் கணக்காகவே எழுதினோம். எம் பக்கம் 170 பேர். கிளிநொச்சியிலிருந்து இரண்டு பஸ்ஸில் 110 பேர். நண்பர், அலுவலகத்தார் 20 பேர். முந்நூறு. நானூறு என்ற எண் எங்கிருந்து வந்தது? விடுதியின் தாளிலிருந்தே வந்தது. அண்ணியாரின் தாயார் இப்போது எண்பது கடந்தவர், படியேற மாட்டார். எனவே மாடியிலுள்ள மண்டபம் எதுவும் வேண்டாம் என்பதும் அன்றிரவே முடிவாயிற்று.

இறுதியில் ஒரு கோவில் மண்டபத்தைத் தெரிந்தோம். நிலத்தோடு ஒட்டிய கட்டடம், பெரிய சமையற்கூடம், முன்னே இரண்டு வேப்பமரங்கள். நிபந்தனைகள் உண்டு. சைவ உணவு மட்டுமே; மது வாடையும் ஆகாது; பூசை வேளையில் மேளத்தை நிறுத்த வேண்டும்; பிற்பகல் 3 மணிக்கு முன் மண்டபத்தைக் கூட்டிக் கையளிக்க வேண்டும். இந்நிபந்தனைகளே செலவைக் குறைப்பவை என்பதைக் கவனிக்க. சைவ உணவு ஆனமையால் இறைச்சிச் செலவு இல்லை. 3 மணிக்கு முடிய வேண்டியிருந்தமையால் மாலை வரவேற்பு என்று இன்னொரு விருந்து இல்லை. மது இல்லாமையால் சண்டையும் இல்லை.

கணக்கையும் சொல்லிவிடுகிறோம், பிறருக்குப் பயன்படும். மண்டபம் 45,000 ரூபாய். சமையற்காரர் கூலியும் பொருள்களும் 2,85,000; அரிசி மட்டும் தமையனாரின் வயலிலிருந்து வந்தது. மேலதிகக் கதிரைகள், பாத்திரம், தண்ணீர், துப்புரவு 60,000. மணவறைச் சோடனை 70,000. ஆக 4,60,000 ரூபாய். லண்டன் மச்சான் தந்த பணத்திற்குள் எல்லாம் அடங்கியது. வயல் வயலாகவே இருக்கிறது.

எல்லாம் சிறப்பாகவே நடந்தது என்று எழுதினால் அது பொய்யாகும். ஆவணி வெயிலில் மண்டபம் கொதித்தது. மாப்பிள்ளையின் பட்டு வேட்டி நனைந்தது. ஒரு பந்திக்கு 120 பேரே அமர முடிந்தமையால் மூன்று பந்தி வைக்க நேர்ந்தது. பசியோடு நின்ற சில சிறுவர் அழுதனர். இரண்டாம் பந்தி முடிவில் கை கழுவும் தண்ணீர் தீர்ந்துபோயிற்று. இரண்டாவது பவுசர் வர அரைமணி நேரம் சென்றது. மாப்பிள்ளை வீட்டு முதியவர் ஒருவர், “குளிரூட்டி இல்லையோ?” என்று நாம் கேட்கும்படியாகவே கேட்டார். எமக்குச் சுருக்கென்றது. ஆனால், அவரே மூன்றாவது முறையும் பாயசம் வாங்கிக் குடித்ததை நாம் கண்டோம், கணக்கு நேராயிற்று.

மண்டபம் தேடும் குடும்பத்தாருக்கு எம் அனுபவத்திலிருந்து சில சொற்கள். முதலில் ஆட்களை எண்ணுங்கள். பின்னர் இடத்தைப் பாருங்கள். விலை கேட்கும்போது ‘எல்லாம் சேர்த்து எவ்வளவு?’ என்றே கேளுங்கள். சேவைக் கட்டணம், வரி, மின்பிறப்பாக்கி, துப்புரவு, மேலதிக மணித்தியாலம் ஆகியவற்றைத் தனித்தனியே எழுத்தில் பெறுங்கள். தலைக் கணக்கில் விலை சொல்பவரிடம் குறைந்த தொகை எத்தனை பேர் என்று கேட்க மறவாதீர். வாரநாள் முகூர்த்தத்தை வெறுக்காதீர். கோவில் மண்டபமாயின் அக்கோவிலின் திருவிழா நாள்களை முன்னரே விசாரியுங்கள். வெயிலேறிய நண்பகலில் ஒருமுறை போய் மண்டபத்தினுள் அரைமணி நேரம் அமர்ந்து பாருங்கள். மாலையிற் போய்ப் பார்த்த நாம் ஏமாந்தோம். தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவைக் கேளுங்கள். அதிலும் நாம் ஏமாந்தோம். குடும்பத்தில் துடக்கு நேர்ந்து நாள் தள்ளிப்போனால் முற்பணம் என்னவாகும் என்பதையும் கூச்சமின்றிக் கேட்டு எழுதி வாங்குங்கள். தொற்றுநோய்க் காலத்திலும், 2022 ஆம் ஆண்டு எரிபொருளும் எரிவாயுவும் கிடையாதிருந்த காலத்திலும் நாள் மாற்றியவர்களுக்கு இதன் அருமை தெரியும். விவாக எழுத்துக்குரிய அறிவித்தலை முன்கூட்டியே கொடுக்க வேண்டியிருப்பதால் பதிவாளரையும் மண்டபத்தோடு சேர்த்தே ஒழுங்கு செய்யுங்கள்.

யாவற்றிற்கும் மேலாக ஒன்று. வீட்டில் ஒருவர் பெரிய மண்டபம் வேண்டுமென்று பிடிவாதம் பிடித்தால், உடனே சிக்கனப் பிரசங்கம் தொடங்காதீர்கள். அவர் எதைக் கேட்கிறார் என்பதை முதலில் கேட்டறியுங்கள். எம் மண்ணில் கலியாணம் இன்றிக் கலியாணம் செய்தவர்கள் மிகப் பலர். 2009 இல் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் கூடாரத்தின் முன் நின்று மாலை மாற்றியவர்களின் பிள்ளைகள் இன்னும் சில ஆண்டுகளில் மணப்பருவம் அடைவார்கள். அந்தப் பெற்றோர் கண்ணாடிக் கதவைத் திறந்து சரவிளக்கைப் பார்க்கும்போது அவர்கள் நெஞ்சில் எழுவது வெறும் டம்பம் அன்று.

தமையனார் ஒரு காரியத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. மண்டபத்தில் கலியாணம் நடந்தாலும், கன்னிக்கால் வீட்டு முற்றத்தில்தான் நட வேண்டும் என்றார். 1997 இல் பந்தல் நின்ற அதே இடத்தைக் காலால் அளந்து காட்டினார். நல்ல நாளில் முள்முருக்கங் கால் ஒன்றை வெட்டி, மஞ்சள் பூசி, மாவிலை கட்டி அங்கே நட்டோம். அண்ணியாரின் தாயார் கதிரையில் அமர்ந்தபடியே பாலும் நவதானியமும் இட்டார். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் மகளுக்குச் செய்யக் கிடையாததை அன்று பேத்திக்குச் செய்தார். அவர் அழவில்லை, அழுதவர் தமையனாரே.

சென்ற ஐப்பசியில் முதல் மழை பெய்தபின் ஓமந்தைக்குப் போயிருந்தோம். பெரும்போகத்திற்கு விதைப்பு நடந்துகொண்டிருந்தது. முற்றத்து முருக்கங் கால் நாலைந்து இலை விட்டிருந்தது. கோடை முழுதும் கை கழுவுகிற தண்ணீரை அதன் அடியிலே ஊற்றி வந்தாராம் தமையனார். “ஆடு கடிச்சுப் போடும், சுத்தி அடைக்க வேணும்” என்று சொல்லிக்கொண்டே, மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வயலுக்குப் புறப்பட்டார்.